ஆரோக்கியப்பச்சை: பங்கு கொடுத்தார்கள், கேட்டார்களா?

முப்பது வருஷமாக ஒரு கதை கருத்தரங்கு கருத்தரங்காகச் சுற்றி வருகிறது. 1987 டிசம்பர். அகத்தியமலைக் காட்டுக்குள் தாவர ஆய்வுக்காகப் போன விஞ்ஞானிகள் ஏறி ஏறிக் களைத்துப் போகிறார்கள். வழிகாட்டிகளாகக் கூட வந்த காணி இளைஞர்களுக்குக் களைப்பே இல்லை. ஏதோ ஒரு காயை அவ்வப்போது வாயில் போட்டு மென்றபடி நடக்கிறார்கள். விஞ்ஞானிகளும் வாங்கித் தின்று பார்க்கிறார்கள். உடம்பில் தெம்பு வருகிறது. என்ன செடி என்று கேட்டால் சொல்ல மறுக்கிறார்கள். வற்புறுத்திய பிறகு, தவறாகப் பயன்படுத்த மாட்டோம் என்று வாக்குக் கொடுத்த பிறகு, காட்டுகிறார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. தாவரவியலில் டிரைக்கோபஸ் ஸெய்லானிகஸ்.

ஆய்வுக்கூடமும் தொழிலும் பழங்குடியும் கைகோத்து 'வளங்குன்றா வளர்ச்சி'யை எட்டியதற்கு உலகத்துக்கே முன்மாதிரி என்று இந்தக் கதை சொல்லப்படுகிறது. ஆய்வுக்குழுவின் தலைவர் பி. புஷ்பாங்கதனுக்கு இதற்காகச் சர்வதேசப் பாராட்டும் கிடைத்தது. கதை பொய் என்று சொல்ல வரவில்லை. அதை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு, அது எதை நிதானமாகச் சொல்கிறது, எதை அரை வாக்கியத்தில் தாண்டிப் போகிறது என்று பார்க்கலாம்.

'வற்புறுத்திய பிறகு' என்பது அப்படியொரு அரை வாக்கியம். இந்த மாதிரி அறிவைப் பிறருக்குச் சொல்லக்கூடாது என்பது காணிகளின் வழக்கம். மருந்தறிவுக்குப் பொறுப்பாளிகள் பிலாத்திகள் எனப்படும் அவர்களுடைய வைத்தியர்கள். மலையேறக் கூலிக்கு வந்த பையன்கள் அல்ல. ஆக, கதை தொடங்கும் இடத்திலேயே ஒரு மீறல் இருக்கிறது. சொல்பவர்கள் அதை விஞ்ஞானியின் ஆர்வமாகவும் பழங்குடியின் பெருந்தன்மையாகவும் மொழிபெயர்த்துவிடுகிறார்கள்.

அடுத்து நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜம்முவில் முதல் சோதனைகள். பிறகு கேரளத்தில் பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிறுவனம் இந்தச் செடியின் இலையோடு அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி சேர்த்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. காணிகள் தின்றது காய். மருந்துக்குப் போனது இலை. இதை மட்டும் பிடித்துக்கொண்டு 'இலை விஷயம் எங்கள் கண்டுபிடிப்பு' என்று கைகழுவியிருக்கவும் முடியும். அப்படிச் செய்யவில்லை. 1995-இல் கோவையைச் சேர்ந்த ஆரிய வைத்திய பார்மஸிக்கு ஏழு வருஷ உரிமம் தரப்பட்டது. உரிமத் தொகை 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 சதவீதம் ராயல்டி. இரண்டிலும் பாதி காணிகளுக்கு என்று நிறுவனம் தானாகவே முடிவெடுத்தது.

இதைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை. பல்லுயிர்மை ஒப்பந்தம் அமலுக்கு வந்ததே 1993 கடைசியில். இந்தியாவில் அதற்கான சட்டம் வந்தது 2002-இல். பாதி கொடு என்று கட்டாயப்படுத்த 1995-இல் எந்தச் சட்டமும் கிடையாது. ஒப்பிட்டுப் பாருங்கள். அரசுப் பணத்தில் நடந்த ஆய்வின் காப்புரிமையைப் பல்கலைக்கழகங்களே வைத்துக்கொண்டு கம்பெனிகளுக்கு விற்கலாம் என்று வழிவிட்ட அமெரிக்காவின் பே-டோல் சட்டம் 1980-இல் வந்தது. விதை எங்கிருந்து வந்தது, தகவல் யார் சொன்னது என்பதெல்லாம் அந்தச் சட்டத்தின் கேள்வியே அல்ல. அதே அச்சில் 2008-இல் இங்கும் ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். 2014-இல் திரும்பப் பெறப்பட்டது. அந்த வரிசையில் வைத்தால் பாலோடு நிறுவனம் செய்தது பெரிய காரியம்தான்.

'அப்புறம் என்னய்யா, அஞ்சு லட்சம் குடுத்தாங்கல்ல?' என்று கேட்கிற நண்பர்கள் உண்டு. கொடுத்தார்கள். காணிகளின் எண்ணிக்கை அப்போது ஏறத்தாழ 16,000 என்று சொல்லப்பட்டது. தலைக்கு முப்பது ரூபாய்ச் சொச்சம் வருகிறது. ஆனால் இந்தக் கணக்குப் போட்டு ஏளனம் செய்வது சுலபம், நமக்குப் பழகிப்போன வேலை. தொகை சிறியது என்பதல்ல என் பிரச்சினை. உரிமம் கைமாறியது 1995-இல். அந்தப் பங்கைப் பெற்றுக்கொள்ள வேண்டிய 'கேரள காணி சமுதாய க்ஷேம டிரஸ்ட்' பதிவானது 1997-இல். பணம் அதன் கைக்கு வந்தது 1999-இல். ஒப்பந்தம் முன்னால், அதில் ஒரு தரப்பாக இருக்க வேண்டியவர்கள் பின்னால். பங்கு பெறுபவராக மட்டுமே காணி இந்தக் கதைக்குள் வர முடிகிறது. விற்கலாமா வேண்டாமா, யாருக்கு விற்பது, என்ன விலைக்கு என்ற பேச்சு நடந்த அறையில் அவருக்கு நாற்காலி இல்லை.

பேசவே இல்லையா என்றால், பேசினார்கள். 1995 செப்டம்பரில், அதாவது உரிமம் கையெழுத்தாவதற்கு முன்பே, ஒன்பது பிலாத்திகள் கேரள முதலமைச்சருக்குக் கடிதம் எழுதினார்கள். தங்கள் அறிவைத் தனியார் கம்பெனிக்கு விற்பதை ஆட்சேபித்த கடிதம் அது. விருது மேடைகளில் இந்தக் கடிதம் பெரும்பாலும் வாசிக்கப்படுவதில்லை. அதே சமயம், டிரஸ்டில் சேர்ந்து நிறுவனத்தோடு ஒத்துழைத்த காணிகளும் இருந்தார்கள். அவர்களை ஏமாளிகள் என்று ஒதுக்குகிற நம் தோழர்களின் சொல்லாடலும் எனக்கு உவப்பில்லை. 'உயிரிக் கொள்ளை' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டால், பேரம் பேசத் தெரிந்த, தமக்குள் முரண்பட்ட, காசு தேவைப்பட்ட மனிதர்களாகக் காணிகளைப் பார்க்க வேண்டிய அவசியம் நமக்கும் இல்லாமல் போகிறது.

இனி 'வளங்குன்றாமை'க்கு வருவோம். இந்தச் செடி மரநிழலில், ஈரத்தில் வளர்வது. காட்டுக்கு வெளியே கொண்டுபோய் நட்டால் இலையில் மருந்துக்கூறு சரியாக அமைவதில்லை. ஆகவே கம்பெனிக்கு இலை வேண்டுமானால் காடோ காட்டோரமோ வேண்டும். காணிக் குடும்பங்களைக் கொண்டு பயிரிட வைத்து, இலையைப் பறித்து வாங்குவது என்று திட்டம். இலையைப் பறித்தால் செடி மறுபடி தளிர்க்கும். காகிதத்தில் அழகான சுழற்சி. வனத்துறை குறுக்கே வந்தது. சிறு வனப்பொருள், அனுமதியில்லாமல் எடுக்கக்கூடாது என்றது. செடி அழிந்துவிடும் என்ற அதன் பயமும் முழுக்கப் பொய்யில்லை. செய்தி பரவியதும் வெளியாட்கள் வந்து வேரோடு பிடுங்கிப் போனார்கள். ஆனால் தடையின் பளு விழுந்தது, தலைமுறையாக அந்தச் செடிகளுக்கிடையே நடந்து திரிந்தவர்கள் மேல். ஆய்வு நிறுவனம், கம்பெனி, வனத்துறை, மூன்று பேரும் ஒரே சொல்லைத்தான் உச்சரித்தார்கள். ஒருவர் அதை வைத்து இலை கேட்டார், இன்னொருவர் அதே சொல்லை வைத்து இலையை மறுத்தார். சிறு வனப்பொருளில் காணிக்கு உரிமை உண்டு என்று சட்டம் ஒப்புக்கொண்டது 2006-இன் வன உரிமைச் சட்டத்தில்தான். அதற்குள் அந்த உரிமத்தின் ஏழு வருஷம் முடிந்து போயிருந்தது. இதற்கு நடுவே அமெரிக்கக் கம்பெனி ஒன்று 'ஜீவனி' என்ற பெயரையே அங்கே தன் வணிக முத்திரையாகப் பதிவு செய்துகொண்டது தனிக் கூத்து.

சட்டம் வந்த பிறகு எல்லாம் சரியாகிவிட்டதா? உள்நாட்டுக் கம்பெனிகளும் பங்கு கொடுத்தே ஆகவேண்டும் என்று உத்தரகண்ட் உயர்நீதிமன்றம் 2018-இல் திவ்யா பார்மஸி வழக்கில் தீர்ப்புச் சொன்னது. 2023-இல் திருத்தம் வந்தது. நூலில் 'தொகுக்கப்பட்ட' மரபறிவுக்கு அந்தக் கடமையிலிருந்து விலக்கு. எந்த நூல் என்றால், 1940-ஆம் வருஷ மருந்துச் சட்டத்தின் அட்டவணையில் உள்ள நூல்கள். அகத்தியர் பெயரிலான சித்த நூல்களும் அதில் உண்டு. அந்த மருந்துகளுக்கான மூலிகை விவரத்தை மலையில் யார் யாருக்குச் சொன்னார்கள் என்று எந்த ஏட்டிலும் எழுதியிருக்காது. ஏட்டில் ஏறியது யாருக்கும் கடன்படாத சொத்தாகிவிடுகிறது. வாய்மொழியாக இருப்பவன் மட்டும் தன் அறிவு தன்னுடையது என்று ஒவ்வொரு முறையும் நிரூபித்துக் காட்ட வேண்டும். பொதிகையில் அகத்தியரை உட்காரவைத்துத் தமிழையும் வைத்தியத்தையும் அவர் வாயிலிருந்து பெற்றுக்கொண்ட நமக்கு இதில் கைசுத்தம் இருப்பதாகச் சொல்லிவிட முடியாது.

பொதிகை என்றதும் இன்னொன்று. 1956-இல் மாநில எல்லை போட்டபோது அது காணிகளின் மலையை நடுவில் பிளந்தது. கிழக்குச் சரிவிலும் தெற்கிலும், பாபநாசம் பக்கமும் பேச்சிப்பாறைப் பக்கமும், காணிகள் இருக்கிறார்கள். அதே குடி, அதே மலை. ஆனால் டிரஸ்டின் பெயரிலேயே 'கேரள' என்று இருக்கிறது. இலை போய்ச் சேர்ந்த கம்பெனி கோவையில். தமிழ்நாட்டுக் காணிக்கு எத்தனை சதவீதம் என்று அந்த உரிமம் பேசப்பட்டபோது இந்தப் பக்கத்திலிருந்தும் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.