கிருபையும் விசாரணையும்

பிரெஞ்சுப் பெரும் புலவர் விக்தர் ஹ்யூகோ 1862-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'லே மிசராப்ல்' எனும் பெருங்கதை தமிழர்க்குப் புதிதன்று. கவியோகி சுத்தானந்த பாரதியார் அதனை 'ஏழை படும் பாடு' என்று தமிழில் தந்தார். அப்பெயராலேயே 1950-இல் அது படமாகவும் வந்தது. நூலிற் படித்தாரும் திரையிற் கண்டாரும் மறவாது எடுத்துச் சொல்வது ஒரு காட்சியையே. சிறைமீண்ட ஒருவன், தனக்கு உணவும் படுக்கையும் அளித்த மேற்றிராணியாரின் வெள்ளிப் பாத்திரங்களைத் திருடிக்கொண்டு ஓடுகிறான். காவலர் பிடித்துக் கொணர்கின்றனர். பெரியவரோ அவற்றைத் தாமே கொடுத்ததாகச் சொல்லி, மீந்திருந்த வெள்ளி விளக்குத் தண்டுகள் இரண்டையும் அவன் கையிற் கொடுத்தனுப்புகிறார். கிறிஸ்து மதத்தார் கிருபை என்று கூறுவதற்குக் கதையிலக்கியத்தில் இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு அரிது என்பர். நாமும் மறுக்கவில்லை. ஆயினும், அக்காட்சியோடு நூலை மூடிவிடுவோர் ஆசிரியர் கருத்திற் பாதியையே பெற்றவராவர் என்பது நம் துணிபு. மற்றப் பாதி, ஒரு தொழிற்சாலையின் பெண்கள் பகுதியில், தருமக் கணக்கிலிருந்து எடுத்துக் கொடுக்கப்பட்ட 50 பிராங்குக் காசில் இருக்கிறது.

மிரியேல் என்னும் அம்மேற்றிராணியாரை முதலிற் பார்ப்போம். 1806-இல் அவர் தீஞ் நகருக்கு நியமனம் பெறுகிறார். அவருக்கென்று பெரிய மாளிகை. பக்கத்திலே ஒரு சிறு வைத்தியசாலை. வந்த மூன்றாம் நாள் அங்குச் சென்று பார்க்கிறார். 26 நோயாளிகள் ஐந்தாறு சிற்றறைகளில் நெருக்குண்டு கிடக்கின்றனர். மாளிகையிலோ அறுபது பேர்க்கு இடமுண்டு. இருப்பவர் அவரும் தங்கையாரும் பணிப்பெண்ணும் ஆக மூவர். இடம் மாறிவிட்டது என்று வைத்தியசாலைத் தலைவரிடம் கணக்குக் காட்டிப் பேசி, மறுநாளே நோயாளிகளை மாளிகைக்கு அனுப்பிவிட்டுத் தாம் வைத்தியசாலைக்குக் குடிபோகிறார். இதற்குத் தியாகம் என்று அவர் பெயரிடவில்லை. கூட்டற் கணக்கில் ஒரு பிழை கண்டார்; திருத்தினார்.

அடுத்து வருவது அவருடைய வரவு செலவுப் பட்டி. கதை வேண்டுவோர் இப்பகுதியைத் தாண்டிச் செல்வதுண்டு. தாண்டலாகாது என்போம். ஆண்டுச் சம்பளம் 15,000 பிராங்கு. ஏழைகளுக்கு 6,000, வறிய பள்ளியாசிரியர்களின் ஊதியத்தோடு சேர்க்க 2,000, ஏழைச் சிறுமியரின் இலவசக் கல்விக்கு 1,500, கடனுக்காகச் சிறைப்பட்ட குடும்பத் தலைவர்களை மீட்க 1,000, இன்னும் சில சிறு தொகைகள், தமக்கு 1,000. தங்கையாருக்கு வரும் 500 பிராங்கையும் சேர்த்து 1,500-இல் மூவரும் காலந் தள்ளினர். ஊர்தோறும் செல்வதற்கு வண்டிச் செலவு வேண்டும் என்று அவர் கேட்டு 3,000 பிராங்கு பெற்றபோது, 'பாதிரிமார் எல்லாரும் இப்படித்தான்' என்று ஊர்ப் பெரிய மனிதர் புறங்கூறினர். வீட்டுக்கு இனியேனும் ஏதோ வரும் என்று பணிப்பெண் மகிழ்ந்தாள். அன்று மாலையே இரண்டாம் பட்டி எழுதப்பட்டது: நோயாளிகளின் இறைச்சிச் சாற்றுக்கு 1,500, கண்டெடுத்த குழந்தைகளுக்கு 500, அனாதைகளுக்கு 500, இரு நகர்களில் தாய்மார் உதவிச் சங்கங்களுக்கு 250 வீதம். வண்டி வரவில்லை. பெரியவர் நடந்தார், நடக்கவியலாத மலைப்பாதையிற் கழுதைமேல் சென்றார். ஓரூரார் அதைக் கண்டு சிரித்தபோது, ஏசுநாதரைப் போல் வரவேண்டும் என்ற பெருமையால் வரவில்லை, வேறு வழியின்மையால் வந்தேன் என்று அவர் தெரிவிக்கிறார். தாழ்மையையே நகையாக அணிந்து திரிவோர் எம்மதத்திலும் உண்டாதலின், இவ்விடத்தில் ஆசிரியரின் கூர்மையைப் பாராட்டாதிருக்க முடியவில்லை.

நேயர்கள் அப்பட்டிகளில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உதவி பெறுவோர் நல்லவரா, தகுதியுடையவரா, கோவிலுக்கு வருபவரா என்று குறிக்க அவற்றில் இடமே இல்லை. கடன்பட்டவன் ஏன் கடன்பட்டான் என்ற வினா எழவில்லை. வீட்டில் அவன் மனைவி மக்கள் பசித்திருக்கின்றனர் என்பது போதுமாயிருந்தது.

ழான் வல்ழான் கதவைத் தள்ளிக்கொண்டு வருமிரவில் நிகழ்வதும் இதுவே. பத்தொன்பது ஆண்டு சிறையிலிருந்தவன். விடுதி எதுவும் ஏற்காதவன். மேற்றிராணியார் அவன் பெயரைக் கேட்கவில்லை. மதிப்புள்ள விருந்தினர்க்கே எடுக்கும் வெள்ளிக் கரண்டிகளை வைக்கச் சொல்கிறார். விளக்குகளை ஏற்றச் சொல்கிறார். 'ஐயா' என்று விளித்து, மரியாதைப் பன்மையிற் பேசுகிறார். பிரெஞ்சு மொழியில் முன்னிலைக்கு இரண்டே படிகள். நமக்கோ 'நீ', 'நீர்', 'நீங்கள்' என மூன்று படிகள் உள. ஒருவன் எப்படியில் நிறுத்தப்படுகிறான் என்பதைத் தமிழ்ச் செவி உடனே அறியும். ஆதலின், இக்காட்சியின் உயிர் தமிழர்க்கே நன்கு புலப்படும் என்று சொன்னாலும் மிகையாகாது.

உண்ணும்போது பெரியவர் அறவுரை ஒன்றேனும் கூறினாரோ எனின், இல்லை. அவன் போகவேண்டிய பொந்தார்லியே பக்கத்தில் பாலாடைக்கட்டிப் பண்ணைகள் எவ்வாறு நடைபெறுகின்றன என்று இராவெல்லாம் விரித்துரைக்கிறார்! அவனுடைய குற்றம் அவன் நினைவுக்கு வரலாகாது என்பதே காரணம் என்று தங்கையார் பிற்பாடு ஊகித்தறிகிறார். பசித்தவனைக் கண்டவுடன் பிரசங்கம் செய்ய நாவூறும் நம் அன்பர்கள், மதப் பற்றுடையவராயினும் பகுத்தறிவு பேசுபவராயினும், அப்பாலாடைக்கட்டிப் பேச்சை ஒருமுறை வாசிப்பது நலம்.

இத்தாழ்மை எளியவரிடம் மட்டும் காட்டப்படுவதன்று. மலைப்புறத்தில் தனித்துச் சாகக் கிடந்த பழைய புரட்சிக்காரர் ஒருவரைக் காணப் பெரியவர் செல்கிறார். வெறுப்போடு, கடமைக்காகவே செல்கிறார். அரச குடும்பத்துக் குழந்தைக்காக அழுவீரேல் குடிமக்களின் குழந்தைகளுக்காகவும் அழவேண்டும் என்று அக்கிழவர் வாதிடுகிறார். திருச்சபை வெறுத்தொதுக்கிய அவர்முன் முடிவில் மேற்றிராணியார் மண்டியிட்டு ஆசி கேட்கிறார். பிறர் ஆசி தமக்கும் வேண்டும் என்று உணர்ந்தவர்தாம் பிறர்க்கு நாணமின்றி உதவவும் வல்லவர். இதைச் சொல்லவே அவ்வதிகாரம் எழுதப்பட்டது என்று கொள்கிறோம்.

ஒரு குறையும் கூறவேண்டும். விளக்குத் தண்டுகளைக் கொடுத்தபின், இப்பொருளைக் கொண்டு யோக்கியனாக வாழ்வதாக வாக்களித்தாய் என்று, வல்ழான் அளிக்காத ஒரு வாக்கை மேற்றிராணியார் அவன்மேல் ஏற்றுகிறார். இரவெல்லாம் ஒன்றும் கேட்காதவர் காலையில் ஆன்மாவையே கேட்டுவிட்டாரே என்று நமக்குத் தோன்றியதுண்டு. நூலாசிரியர்க்கு அது கதையின் அச்சாணி. எனினும் முந்தின இரவின் பேச்சே நமக்கு உயர்ந்ததாகப் படுகிறது.

நிற்க. அக்கிருபையைப் பெற்றவன் மதலேன் என்ற பெயரோடு மோந்த்ரேய் நகரிற் கருமணித் தொழிலாற் செல்வனாகி, ஊர்த் தலைவனுமாகிறான். வைத்தியசாலைக்குப் படுக்கைகள், பள்ளிகள், முதியோர்க்கு உதவிநிதி என்று அவன் செய்யும் தருமத்துக்கு அளவில்லை. வேலை வேண்டி வருவோர் எவர்க்கும் வேலையும் உண்டு. ஆனால் ஒரு விதி: பெண்கள் நன்னடத்தையுடையவராதல் வேண்டும். பெண்கள் பகுதிக்கு ஒரு மேற்பார்வைக்காரி. அவளை அனுப்பி வைத்தவர் பங்குச் சாமியார். ஹ்யூகோ அவளைத் தீயவள் என்று எழுதவில்லை. நேர்மையும் உறுதியும் உடையவள், கொடுக்கத் தெரிந்தவள், பிறர் நிலையை உணர்ந்து பொறுக்கும் அருள் மட்டும் அத்துணை இல்லாதவள் என்றே குறிக்கிறார்.

அங்கே பாந்தீன் வேலை செய்கிறாள். மணமாகாமற் பெற்ற குழந்தையை மோம்பெர்மேய் என்னும் ஊரில் ஒரு விடுதிக்காரனிடம் விட்டுவிட்டு, மாதந்தோறும் பணம் அனுப்புகிறாள். இவள் யாருக்குக் கடிதம் எழுதுகிறாள் என்றறியும் ஆவலால், 56 வயதுடைய பக்தியுள்ள ஒரு மாது அவ்வூர்க்கே பிரயாணம் செய்து குழந்தையைக் கண்டு வருகிறாள். அதற்கு அவள் செலவிட்டது 35 பிராங்கு. ஏழையின் துன்பத்தைத் தீர்க்கவன்று, துப்பறியவே அச்செலவு! செய்தி மேற்பார்வைக்காரிக்கு எட்டுகிறது. ஊர்த் தலைவரின் பெயரால் பாந்தீனிடம் 50 பிராங்கைக் கொடுத்து, ஊரைவிட்டே போகும்படி சொல்லிவிடுகிறாள். அக்காசு எங்கிருந்து வந்தது? வேலைப் பெண்களின் துயர் தீர்க்கவென்று மதலேன் அவளிடம் ஒப்படைத்திருந்த தருமநிதியிலிருந்து! தருமத்தின் காசே ஒருத்தியைத் தெருவில் தள்ளும் கூலியாயிற்று. சட்டைகள் தைத்து நாளொன்றுக்கு 12 சூ சம்பாதித்தவள், பின் கூந்தலை 10 பிராங்குக்கு விற்றாள்; முன்பற்கள் இரண்டை 40 பிராங்குக்கு விற்றாள்; கடைசியில் விற்க எஞ்சியிருந்தது உடல்.

மதலேனுக்கு இவை ஒன்றும் தெரியா. தெரியாமை குற்றமன்று என்று வாசகர் பலர் அவனை மன்னித்துவிடுகின்றனர். ஹ்யூகோ மன்னிக்கவில்லை என்றே நாம் கருதுகிறோம். இல்லையேல் பாந்தீனை அவன் முகத்தில் உமிழச் செய்திருப்பாரா? அவன் பெற்ற கிருபை பெயர் கேளாதது. அவன் அமைத்த நிலையமோ நடத்தையை விசாரித்தது. மேற்றிராணியார் தாமே நடந்து சென்ற இடங்களுக்கு இவன் ஒருத்தியை அமர்த்தினான். ஆனால் நியாயம் இருபுறமும் பார்க்க வேண்டும். தீஞ் நகரின் ஒரு பெரியவர் கழுதைமேல் சென்று காக்கக்கூடிய குடும்பங்கள் சில. மோந்த்ரேய் தொழிற்சாலையோ ஊரையே உண்பித்தது. பலர்க்கு உதவ ஓர் அலுவலகம் வேண்டும். அலுவலகத்துக்கு ஆள் வேண்டும். அவ்வாளின் நெஞ்சு சிறுத்துவிடின் என் செய்வது? ஹ்யூகோ இம்முடிச்சை அவிழ்க்கவில்லை. மதலேன் சிறைப்பட்டதும் ஊர்த்தொழிலும் அவனோடு அழிந்தது என்று மட்டும் காட்டிப் போகிறார்.

பிற்பகுதியில், பாரீசின் ழாக் ஓப்பா கோவிலுக்கு வரும் முதிய தருமவானாக வல்ழானை மீண்டும் காண்கிறோம். தெநார்தியே, குழந்தையை வைத்துப் பணம் பறித்த அதே விடுதிக்காரன், இப்போது நொடித்துப்போய், பல பெயர்களில் ஒரே கையெழுத்தில் இரப்புக் கடிதம் எழுதிப் பிழைக்கிறான். தருமவான் வருகிறார் என்றவுடன் அடுப்பை அணைக்கிறான். நாற்காலியை உதைத்துப் பொத்தலாக்குகிறான். இளைய மகளைக்கொண்டு சாளரக் கண்ணாடியை உடைப்பித்து அவள் கையைப் புண்ணாக்குகிறான். அவன் கயவன், ஐயமில்லை. ஆயினும் அவ்வீட்டுப் பசி பொய்யன்று. அப்பெண்களின் குளிரும் பொய்யன்று. உண்மை வறுமைக்குமேல் வேடமும் போட்டாலன்றித் தருமவான்களின் கண்ணிற் படாது என்று அவனுக்குக் கற்பித்தவர் யார்? உதவி பெறும் குடும்பத்தை மேடையிலேற்றி நிறுத்தி, உதவுவோர்க்கு மாலையிட்டுப் படம்பிடிக்கும் நம்மவர் விழாக்களும் இப்பாடத்தையே புகட்டுகின்றன.

இவ்வளவு உயர்ந்த பாதிரியாரைப் படைத்த நூலை ரோமாபுரித் திருச்சபை 1864-இல் தடைநூற் பட்டியலிற் சேர்த்தது விந்தையே. தீஞ் நகரில் 1805 முதல் 1838 வரை மேற்றிராணியாராயிருந்த மியோலிசு என்பவரைக் கண்முன் வைத்தே ஹ்யூகோ தம் மிரியேலை வடித்தார். ஆசிரியரோ, தேவன் உண்டென நம்பியும், தம் சாவுக்கு எந்தத் திருச்சபையின் ஜெபமும் வேண்டாம் என்று எழுதிவைத்து, ஏழைகட்கு 50,000 பிராங்கு விட்டு, ஏழைகளைச் சுமக்கும் சவவண்டியிலேயே 1885-இற் சென்றவர். நூல் வெளிவந்த அதே 1862-இல், கெர்ன்சித் தீவில் நாடுகடந்து வாழ்ந்த அவர், ஏழைக் குழந்தைகளை வாரந்தோறும் தம் வீட்டுக்கு அழைத்து, தம் வீட்டார் உண்ணும் உணவையே அவர்கட்குப் பரிமாறச் செய்தார். அதனைப் பிச்சை என்று சொல்ல அவர் ஒப்பவில்லை, சகோதரத்துவம் என்றார்.

இனி, கதையின் தொடக்கத்துக்கே ஒருமுறை திரும்புவோம். வல்ழான் ரொட்டி திருடியது 1795-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், விதவையான தமக்கையின் ஏழு குழந்தைகளுக்காக. மூத்ததற்கு அப்போது எட்டு வயது, இளையதற்கு ஒன்று. ரொட்டிக் கடை இருந்தது பாவரோல் என்ற ஊரின் கோவில் முற்றத்தில்; நாள் ஞாயிற்றுக்கிழமை. ஆசிரியர் இவ்விரண்டையும் போகிறபோக்கிற் சொல்லிவிட்டு மேலே செல்கிறார். புரட்சிக் காலமாதலின் கோவில்களே அப்போது நிலைகுலைந்திருந்தன. பழியனைத்தையும் அவற்றின்மேற் போடுவது முறையன்று. எப்படியாயினும் எழுவர்க்கும் ரொட்டி கிடைக்கவில்லை. அவர்களை உழைத்துக் காத்தவனும் போனான்.

நாலாண்டு கழித்துத் தூலோன் சிறையில் அவனுக்கு எட்டிய செய்தி ஒன்றே. தமக்கை பாரீசில் ஓர் அச்சகத்தில் தாள் மடித்துத் தைக்கிறாள். கடைசிப் பையன் மட்டும் கூட இருக்கிறான். அவள் காலை ஆறு மணிக்கு வேலைக்குப் புகவேண்டும். அதே கட்டிடத்திலுள்ள பள்ளி திறப்பது ஏழு மணிக்கு. இடைஞ்சல் என்று அச்சகத்தார் பையனை உள்ளே விடார். குளிர்கால இருட்டில் ஒரு மணி நேரம் முற்றத்துத் தரையிற் கூடையின்மேல் கவிழ்ந்து உறங்குவான். மழை பெய்யும் நாளில் மட்டும், வாயில் காக்கும் கிழவி ஒருத்தி இரங்கித் தன் பொந்துக்குள் அழைத்துக்கொள்வாள். அங்கிருந்தவை ஒரு பாய்ப்படுக்கை, ஒரு இராட்டை, இரண்டு மர நாற்காலிகள், ஒரு பூனை. பையன் மூலையிற் பூனையை அணைத்துக்கொண்டு உறங்குவான். ஏழு மணிக்குப் பள்ளி திறக்கும், எழுந்து போவான்.