ரவிவர்மாவின் ஒளியும் நிறமும்

சென்னை ஃபேஷன் புகைப்படக்காரர் ஜி. வெங்கட் ராம், 2020ஆம் ஆண்டு நாட்காட்டி ஒன்றுக்காக ராஜா ரவிவர்மாவின் ஓவியங்களைக் கேமராவில் மறுபடி உருவாக்கினார். சுஹாசினி மணிரத்னத்தின் ‘நாம்’ அறக்கட்டளைக்காக வந்த நாட்காட்டி அது. சமந்தா, ஸ்ருதி ஹாசன், ரம்யா கிருஷ்ணன், குஷ்பு, ஷோபனா என்று தெரிந்த முகங்கள். ஒகேனக்கல் பக்கமுள்ள ஏரியூரில் எங்கள் கைபேசிகளுக்கும் அந்தப் படங்கள் வந்து சேர்ந்தன.

அவற்றில் முதலில் ஈர்ப்பது வெளிச்சம். விளம்பரப் படங்களில் முகத்தில் அறைகிற பளபளப்பு இங்கே இல்லை. பக்கவாட்டில் மெல்ல விழுந்து, பட்டு மடிப்பிலும் கழுத்து நகையிலும் தங்கி, பின்னால் மங்கிப்போகிறது. எண்ணெய் வண்ணத்தின் நிதானம் கேமராவுக்குக் கைவந்திருக்கிறது. இன்னொன்றும் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ரம்யா கிருஷ்ணன், குஷ்பு, ஷோபனா மூவரும் 1970இல் பிறந்தவர்கள். முப்பதைத் தாண்டிய பெண்ணை ஓரங்கட்டும் ஃபேஷன் உலகில், ஐம்பதை நெருங்கியவர்களை அழகின் நடுவில் நிறுத்தியது துணிச்சல்.

ஆனால் அசலைப் போலவே இருக்க வேண்டும் என்ற பிடிவாதமே இந்தப் படங்களின் எல்லையாகிவிடுகிறது. ரவிவர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கியபின், அவர் தீட்டிய வெளிர்நிறப் பெண்ணும் தேவியும் சாதாரண வீட்டுச் சுவர்களுக்கும் வந்தார்கள். எது அழகு என்பதற்கு அந்த அச்சுப் படங்கள் அளவுகோலாயின. அந்த அளவுகோலை வெங்கட் ராம் கேள்வி கேட்கவில்லை, மெருகேற்றித் தந்தார்.

கேள்வி கேட்டவர்களும் உண்டு. பெங்களூரின் கலைஞர் புஷ்பமாலாவும் புகைப்படக்காரர் கிளேர் ஆர்னியும் 2000 முதல் 2004 வரை உருவாக்கிய தென்னிந்தியப் பெண்கள் புகைப்படத் தொடரில், ரவிவர்மா நாயகியாகவும் காவல்துறைப் படத்துக் குற்றவாளியாகவும் புஷ்பமாலாவே வேடமிட்டு நின்றார். பின்னணித் திரைச்சீலையின் பொய்யை அவர்கள் மறைக்கவேயில்லை. 2017இல் சென்னையில் நரேஷ் நில்லும் பரத்வாஜ் சுந்தரும் தெய்வங்களைக் கருநிற மாடல்களை வைத்துப் படமெடுத்தார்கள். ஒளியின் நுணுக்கத்தில் வெங்கட் ராம் படங்களே எனக்கு மேலாகத் தோன்றுகின்றன. ஆனால் எதை எடுப்பது, ஏன் எடுப்பது என்ற தெளிவில் கேள்வி கேட்ட இவர்கள் முந்திவிட்டார்கள்.

இது நகரத்துக் கலைக்கூடச் சண்டை மட்டுமல்ல. எங்கள் பக்கத்துக் கல்யாண ஆல்பங்களில், ஒகேனக்கல் பாறையில் நின்று எடுத்த படமானாலும், மணப்பெண்ணின் முகத்தை ஃபோட்டோஷாப்பில் வெளுக்க வைத்த பிறகே அச்சுக்குப் போகிறது. கருந்தோலின் வளைவையும் மினுமினுப்பையும் அழகாகக் காட்டுவது அதே பக்கவாட்டு வெளிச்சம்தான். வெங்கட் ராம் அளவுக்கு அதை ஆளத் தெரிந்தவர் ரவிவர்மாவின் ஒளியை மட்டும் எடுத்துக்கொண்டு, நிறத்தை அவரிடமே விட்டிருக்கலாம்.