துக்கத்தின் இலக்கணம்

யாழ்ப்பாணத்தில் ‘வருத்தம்’ என்றால் நோய். ‘வருத்தக்காரன்’ என்றால் நோயாளி. ‘அவருக்கு வருத்தம்’ என்று நம்மவர் கதையிற் படிக்கும் தமிழகத்து வாசகர் ஏதோ மனக்கவலை என்று எண்ணிவிடக்கூடும். பருத்தித்துறைச் சந்தையில் அப்படி மயங்குவார் எவருமிலர். மனம் நிலைகொள்ளாத் தவிப்பை இங்கே ‘அந்தரம்’ என்பர். அன்றாடத் தொல்லையைக் ‘கரைச்சல்’ என்பர். இத்தகைய பேச்சுச் சொற்களைத்தான் 1960களின் தொடக்கத்தில் பண்டிதர் சிலர் ‘இழிசனர் வழக்கு’ என்று ஒதுக்கினர். மரபுப் போராட்டம் என்று நம் இலக்கிய வரலாறு குறிக்கும் அவ்விவாதம் வெறும் இலக்கணத் தகராறன்று. யாருடைய துக்கம் ஏட்டிலேறத் தகுந்தது என்பதே அங்கு நடந்த வழக்கு. 1960இல் வெளிவந்து சாகித்திய மண்டலப் பரிசு பெற்ற தம் கதைத் தொகுதிக்குத் ‘தண்ணீரும் கண்ணீரும்’ என்று பெயரிட்டார் டொமினிக் ஜீவா. கிணற்றில் அள்ள உரிமையற்றவனின் அழுகையைச் செந்தமிழிற் பெயர்த்தால் அது வேறொருவனின் அழுகையாகிவிடும்.

கெல்டிக் மொழிகளுள் ஒன்றான ஐரிஷ் மொழியில் ‘நான் துக்கப்படுகிறேன்’ என்பதில்லை. ‘என்மேல் துக்கம் இருக்கிறது’ என்பர். பசியும் அவ்வாறே மேல்வந்து அமரும். நம்முடைய ‘எனக்குக் கவலை’க்கு இது எவ்வளவு கிட்டிய உறவு! ஐரிஷ் நாடகாசிரியர் ஜே. எம். சிங், அரன் தீவுகளின் மக்களிடையே தங்கி, இந்தப் பேச்சின் அமைப்பைத் தம் ஆங்கிலத்துள் கொண்டுவந்தார். 1904இல் மேடையேறிய ‘கடலை நோக்கிச் செல்வோர்’ என்ற நாடகத்தில், கடல் கொண்டவனைச் சகோதரி அடையாளங் காண்பது உடலைக் கொண்டன்று. தான் பின்னிய காலுறையின் இழைக் கண்களை எண்ணித்தான். பருத்தித்துறைக் கரையிலிருந்து படிப்பவருக்கு இதற்கு உரை வேண்டியதில்லை.

ஒப்பாரிக்கு உடல் வேண்டும். செத்தவீடு, காடாத்து, எட்டு, அந்தியேட்டி என்று துக்கத்தின் ஒவ்வொரு படிக்கும் நம்மிடம் சொல் உண்டு. 2009 மே மாதத்தில் பிள்ளையைப் படையினரிடம் கையளித்துவிட்டுக் காத்திருக்கும் தாய்க்கு இவற்றுள் ஒன்றும் உதவாது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் ‘காணாமற்போன ஆட்கள்’ என்றது. 2017இல் கிளிநொச்சி முதலாகத் தெருவோரங்களில் அமர்ந்த தாய்மாரோ ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்றனர். போதல் தன்வினை, போனவன் தானே போனான். ஆக்கப்படுதல் செயப்பாட்டுவினை, பெயர் சொல்லாவிடினும் செய்தவன் ஒருவன் உண்டு. தன்வினைக்கும் செயப்பாட்டுவினைக்கும் வேறுபாடு கற்பிக்கும் ஆசிரியருக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு கிடையாது.

நம் கவிஞர்கள் இவ்வேறுபாட்டை உணர்ந்ததாகத் தெரியவில்லை. எல்லாத் துக்கத்திற்கும் ‘வலி’ என்ற ஒரே சொல்லை வைத்திருக்கிறார்கள். தலைக்கும் அதுதான், பல்லுக்கும் அதுதான்; கொடுத்தவன் யாரென்று கேளாத சொல். 2025 ஓகஸ்ட்டில், செம்மணிப் புதைகுழியிலிருந்து எடுத்த உடைகளும் பொருள்களும் அடையாளங் காண்பதற்காக மக்கள் முன் வைக்கப்பட்டன. அதுபற்றி நான் படித்த கவிதைகள் சிலவற்றில் சட்டையுமில்லை, சட்டைத் தெறியுமில்லை. வலி மட்டும் இருந்தது.