9999 ஆட்டமும் ஒற்றைப் புள்ளியும்

உறையில் '9999 இன் 1' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. அது பொய் என்று எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு பெரிய பொய் என்பதை மட்டும் கணக்குப் பார்க்கலாம். என் கையிலிருக்கும் பிரிக் கேம் என்ற கையடக்க ஆட்டச் சாமானில் ஏ முதல் இசட் வரை எழுத்துக்கு ஓர் ஆட்டம். ஒவ்வொன்றுக்கும் வேகம் பத்துப் படி, லெவல் பத்துப் படி. எல்லாவற்றையும் பெருக்கினாலும் 2,600ஐத் தாண்டாது. மிச்சம் 7,399 ஆட்டமும் உறை அச்சடித்தவரின் தாராள மனசு.

தலவில அன்னம்மாள் ஆலயத் திருவிழாவுக்குப் போடும் தற்காலிகக் கடைகளில், பிளாஸ்டிக் துப்பாக்கிகளுக்கு நடுவே தொங்கியது இது. விலை இரண்டு மூன்று சோற்றுப் பார்சல் காசு. போனில் டெட்ரிஸ் ஓசிக்குக் கிடைக்கும் காலத்தில் இதை ஏன் வாங்க வேண்டும்? ஒரு காரணம் வெயில். ஓகஸ்ட் மாதத்து நண்பகலில் கற்பிட்டிக் களப்பில் வள்ளத்தில் இருந்துகொண்டு போன் திரையைப் பார்த்தால் உங்கள் முகம்தான் தெரியும். இதன் திரைக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. மேலே விழும் ஒளியைத் திருப்பி அனுப்பியே காட்டுகிறது. ஆகவே வெயில் ஏற ஏறக் கட்டங்கள் கறுப்பாகத் துலங்குகின்றன. இரவில் டோர்ச் அடித்துத்தான் விளையாட வேண்டும், அது வேறு கதை.

திரையில் அகலவாக்கில் 10, உயரவாக்கில் 20 என 200 சதுரங்கள். 1984இல் மொஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கிய டெட்ரிஸின் கட்ட அளவும் இதுதான். இந்தச் சதுரங்கள் இடம் மாறாதவை. ஒவ்வொன்றும் கறுக்கும், அல்லது மறையும். கார், டாங்கி, தவளை எல்லாவற்றையும் இவற்றுக்குள்ளேயே வரைய வேண்டியிருப்பதால் காரும் தவளையும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கின்றன. அந்த ஆட்டங்களை ஒருமுறை பார்த்துவிட்டு விட்டுவிடலாம்.

சரக்கு இருப்பது டெட்ரிஸின் மாற்று வடிவங்களில். ஒன்றைப் பற்றியும் விளக்கத்தாள் கிடையாது, நாமே தட்டித் தட்டிக் கண்டுபிடிக்க வேண்டும். ஓர் ஆட்டத்தில் வழக்கமான ஏழு வடிவங்களோடு ஒற்றைப் புள்ளி ஒன்றும் விழுகிறது. அது அடுக்கின் மேல் நிற்பதில்லை. ஊடுருவிப் போய், அடியில் மூடுண்டு கிடக்கும் ஓட்டையை அடைக்கிறது. டெட்ரிஸில் ஓட்டை விடுவது பாவம் என்று பழகிய கைக்கு இது புதுப் பாடம். புள்ளி வரும் என்ற நம்பிக்கையில் வேண்டுமென்றே ஓட்டை விட்டுக் கட்டலாம், வராவிட்டால் மாட்டிக்கொள்வோம். இன்னோர் ஆட்டத்தில் கட்டம் கட்டமாகச் சுட்டு நிரப்பும் துப்பாக்கி. நல்ல யோசனை. கட்டங்களைச் சுட்டு அழிக்கும் துப்பாக்கியும் உண்டு. எனக்கு அது பிடிக்கவில்லை, எந்தப் பிழையையும் துடைத்துவிட்டால் பிறகென்ன விளையாட்டு. கட்டங்களை வெடித்து அழிக்கும் குண்டும் அப்படித்தான். கட்டைகள் கீழிருந்து மேலே ஏறும் தலைகீழ் ஆட்டம் கொஞ்ச நேரம் தலையைச் சுற்ற வைக்கும், அவ்வளவுதான்.

பேர்பெற்ற கம்பனிகளும் இரகசிய ஆட்டங்களை ஒளித்து வைத்ததுண்டு. 1989இல் வந்த நின்டெண்டோ கேம் போய் டெட்ரிஸில், தலைப்புத் திரையில் கீழ்ப் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட்டைத் தட்டினால், லெவல் எண்ணுக்குப் பக்கத்தில் சின்ன இதயம் ஒன்று முளைக்கும். ஆட்டம் பத்து லெவல் கூடிய வேகத்தில் ஓடும். 1998இல் அரிக்கா நிறுவனம் ஆர்கேட் கூடங்களுக்குச் செய்த 'டெட்ரிஸ் த கிராண்ட் மாஸ்டர்' இதைவிடக் கொடுமை. பொத்தான்களைக் குறிப்பிட்ட வரிசையில் தட்டித் திறக்கும் 20ஜி ஆட்டத்தில், கட்டை தோன்றும்போதே அடியில் போய் உட்கார்ந்திருக்கும். இரண்டும் கெட்டிக்காரருக்கு விட்ட சவால்கள். ஆனால் இரண்டும் கூட்டியது வேகத்தை. செய்தவர் பெயரே இல்லாத இந்தத் திருவிழாச் சாமானின் புள்ளியோ விதியையே மாற்றுகிறது. அதனால் என் ஓட்டு புள்ளிக்கு.

குறைகள்: பீப் சத்தம் காதைத் துளைக்கும். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் கரையில் அதுவும் கேட்காது. வீட்டில் சத்தத்தை அணைக்கப் பொத்தான் இருப்பது புண்ணியம். திருப்பும் பெரிய பொத்தான் சில வேளை ஒரு தட்டுக்கு இரண்டு திருப்பு கொடுக்கிறது. உப்புக் காற்றுக்குப் பற்றரிச் சுருள்கம்பி சீக்கிரம் பச்சை பிடிக்கும். விளையாடாத நாளில் பற்றரிகளைக் கழற்றி வைப்பது நல்லது, ஆனால் கழற்றினால் அதியுயர் புள்ளி அழிந்துபோகும். எழுத்து வரிசை தயாரிப்புக்குத் தயாரிப்பு வேறுபடும் என்பதால், காசு கொடுக்க முன்னர் பற்றரி போட்டு, ஊடுருவும் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அடுத்ததை எடுக்கச் சொல்லுங்கள்.