வன்பரணரின் இரண்டு வேட்டைகள்

நண்பர் ஒருவர், இளைஞர்களுக்கென்று, புறநானூற்றிலிருந்து ஐம்பது பாட்டுகளைத் தேர்ந்து ஒரு சிறு புத்தகம் தயாரித்துக்கொண்டிருக்கிறார். பட்டியலைக் காட்டினார். பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்தது இருந்தது. பாரி முல்லைக்குத் தேர் கொடுத்தது இருந்தது. ஓரியின் வேட்டை, 152ஆம் பாட்டு, இருந்தது. நள்ளியின் வேட்டை, 150, இல்லை. ஏன் என்று கேட்டேன். 'காலெல்லாம் மான் ரத்தத்தோடு ஒருத்தன் வந்து மாமிசம் சுட்டுக் கொடுக்கிறான். பையன்கள் கையில் அதை எப்படிக் கொடுப்பது?' என்றார். அப்படியானால் 152? 'அது வீரம்' என்றார்.

இந்த ஒற்றை வார்த்தைக்காகத்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

இரண்டும் வன்பரணர் பாடியவை. இரண்டிலும் காடு, வில், பசித்த கூட்டத்தோடு ஒரு பாட்டுக்காரன், எதிர்ப்படும் வேட்டைக்காரன், கடைசியில் மாமிசமும் நகையும். சட்டகம் ஒன்றேதான். அதனாலேயே வித்தியாசம் கண்ணில் அறைகிறது.

150இல் கவி கந்தலோடு ஒரு பலாமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறான். மான் கூட்டத்தை வீழ்த்திய ரத்தம் கழலில் படிந்திருக்க, தலையில் மணி ஒளிர, ஒருவன் வருகிறான். செல்வன் என்று தெரிகிறது, யாரென்று தெரியவில்லை. எழுந்து கும்பிடப் போனவனைக் கையமர்த்தி உட்காரவைக்கிறான். தன்னுடன் வந்த இளைஞர்கள் காட்டு வழியில் சிதறிப்போயிருக்கிறார்கள். அவர்கள் வந்து சேரட்டும் என்று அவன் காத்திருக்கவில்லை. தானே கடைந்து தீ உண்டாக்கி, அவசர அவசரமாகக் கொழுத்த இறைச்சியைச் சுட்டு, சுற்றத்தோடு தின்னச் சொல்லிக் கொடுக்கிறான். தின்கிறார்கள். அருவித் தண்ணீர் குடிக்கிறார்கள். கிளம்பும்போது, நாங்கள் காட்டு நாட்டுக்காரர்கள், வேறு உயர்ந்த பொருள் எங்களிடம் இல்லை என்று மார்பு ஆரத்தையும் கைக் கடகத்தையும் கழற்றித் தருகிறான். ஊர் கேட்டால் சொல்லவில்லை. பேர் கேட்டால் சொல்லவில்லை. நள்ளி என்பது பிற்பாடு வழியில் பிறர் சொல்லித்தான் தெரிகிறது.

அந்த அவசரத்தைக் கவனிக்க வேண்டும். சமைக்க ஆட்கள் உள்ளவன் தானே தீக் கடைகிறான் என்றால், எதிரில் இருக்கும் பசி அவ்வளவு ஸ்தூலமாக அவனுக்குத் தெரிகிறது. மான் செத்ததற்கும் ஒருவன் வாய் நிறைந்ததற்கும் நடுவே இந்தப் பாட்டில் எதுவும் இல்லை. சந்தை இல்லை, புகழ் இல்லை, பேர்கூட இல்லை. ரத்தம் இருக்கிறது. அதைக் கவி கழுவிவிடவில்லை. அமிழ்தம் போல் தின்றேன் என்கிறவன்தான் அந்தக் காலில் ரத்தத்தையும் பார்க்கிறான். இரண்டையும் ஒரே பிரக்ஞையில் வைத்திருக்க முடிந்ததே இந்தப் பாட்டின் தார்மீகம் என்று எனக்குப் படுகிறது.

152க்கு வருவோம். இங்கே கதாநாயகன் அம்பு. யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, புள்ளிக் கலைமானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, பக்கத்துப் புற்றில் கிடக்கும் உடும்பில் போய்த் தைக்கிறது. ஐந்து உயிர். நம் பண்டிதர்கள் இந்த எண்ணிக்கையில்தான் சொக்கிப்போகிறார்கள். உயர்வு நவிற்சி என்று ஒரு பேர் வைத்தாகிவிட்டது. அத்தோடு யோசனை முடிந்தது. அந்த ஐந்தையும் யார் தின்றார்கள்? பாட்டின் கடைசியில் கவிக்குக் கிடைப்பது மான் நிணப் புழுக்கு, கள், பொன், மணி. மான் என்ற சொல்லை விலங்கு என்ற பொதுப் பொருளில் எடுத்துக்கொண்டாலும் சங்கடம் தீராது. உடும்பு வரை அம்பு ஓடியது எவன் பசிக்காகவும் அல்ல. ஓட முடியும் என்பதற்காக.

இன்னொன்றும் இந்தப் பாட்டில் இருக்கிறது. நடுவில் கவி தனக்குள் யோசிக்கிறான்: கொல்கிற இவன் யார்? விலைக்கு விற்பவனாகத் தெரியவில்லையே, பணக்காரனாக இருக்கிறானே. விற்பதற்காகக் கொல்பவன் ஒரு படி கீழே, வெறுமே கொல்பவன் ஒரு படி மேலே என்கிற தராசு இங்கே சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்துவிடுகிறது. அதே புறநானூற்றில் 33ஆம் பாட்டில் கோவூர்கிழார் காட்டும் வேட்டுவன் நினைவுக்கு வருகிறான். நாயோடு காட்டில் வாழ்கிறவன் மான் தசையை வட்டியில் கொண்டுவந்து கொட்ட, உழவர் வீட்டுப் பெண்கள் பதிலுக்கு நெல் அளக்கிறார்கள். வன்பரணர் 'போலத் தெரியவில்லையே' என்று ஒதுக்கிய ஆள் இவன்தான். இவனுக்கு மாமிசம் நெல்லாக மாறாவிட்டால் அன்றைக்கு அடுப்பு எரியாது.

152ஐக் காப்பாற்றுவது ஒரே ஒரு இடம். பாணர்கள் பாடிக் கொண்டாடும்போது ஓரி நாணுகிறான். அந்த நாணம் நிஜமானது. அந்த அம்பைப் பற்றிக் கவிக்கு இல்லாத கூச்சம் வில் பிடித்தவனுக்கு இருந்திருக்கிறது.

இந்தத் தராசு வன்பரணரோடு போய்விடவில்லை. வெள்ளைக்காரர்களின் ஷிகார் புத்தகங்களைப் புரட்டியவர்களுக்குத் தெரியும்: அவர்கள் அகராதியில் பானைக்காகச் சுடுகிறவன் என்பது வசவு. தின்பதற்காகக் கொல்வது இழிவு. கொம்பை அளந்து சுவரில் மாட்டுவதற்காகக் கொல்வது கனவான் காரியம். நீலகிரியில் 1879இல் வேட்டை விலங்குகளையும் மீன்களையும் பாதுகாக்க ஒரு சட்டம் வந்தது. அந்தப் பாதுகாப்பு யாருடைய துப்பாக்கிக்காக என்பதில் ரகசியம் ஒன்றும் இல்லை. பிறகு, ஷிகாரும் சமஸ்தானத்து ராஜாக்களும் கள்ள வியாபாரமும் காடுகளைக் காலி செய்த பின், 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அது வேண்டியிருந்தது. எனக்கு அதில் தகராறு இல்லை. ஆனால் சுவருக்காகச் சுட்டவனும் பானைக்காகக் கண்ணி வைத்தவனும் அதன்முன் ஒன்றாகிவிட்டார்கள். காட்டுவாசிகளின் பரம்பரை உரிமைகளைத் திருப்பித் தருவதாகச் சொன்ன 2006ஆம் வருஷத்துச் சட்டம் தேனைத் தந்தது, கிழங்கைத் தந்தது. வேட்டையை மட்டும் பேர் சொல்லி விலக்கியது. மான்கள் குறைந்துபோனதற்குக் கணக்குத் தீர்க்க வேண்டியவன் கடைசியில் கோவூர்கிழாரின் வேட்டுவன் என்று ஆயிற்று.

இத்தனைக்கும் அந்த வேட்டுவனிடம் ஒரு நியதி இருந்ததாக நம் இலக்கியமே சாட்சி சொல்கிறது. அதுவும் யார்? சேக்கிழார். கண்ணப்பர் புராணத்தில் திண்ணனின் முதல் வேட்டையைச் சொல்லும்போது ஒரு செய்யுள். அந்த மறவர்கள் யானைக் கன்றைத் தொடரவில்லை; சிறு குட்டிகளைக் கொலையில் சேர்க்கவில்லை; கருவுற்று அடி தளர்ந்த பிணையை அலைக்கவில்லை. இதைச் சொல்லும் சந்தம் நாலுகால் பாய்ச்சல். வேட்டை நாயின் வேகத்தில் ஓடுகிற அடிகளில் முதல் மூன்றும் 'செய்யார், செய்யார்' என்கிற எதிர்மறை வினையில் வந்து நிற்கின்றன. கை வில்லை இழுத்த பிறகு நிறுத்திக்கொள்வது என்றால் என்ன என்பதைச் செவிக்கே தெரியவைக்கிற செய்யுள் இது.

இது வேடர்களின் நியதியா, சைவர் ஒருவர் வேடர்களுக்கு உடுத்திவிட்ட அறமா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். எனக்கு முன்னது என்றுதான் தோன்றுகிறது. சினையை விட்டவனுக்குத்தான் அடுத்த வருஷம் மான். இது காட்டிலேயே இருந்து தீரவேண்டியவனின் அறிவு. கொல்லவே கூடாது என்கிற வெளியாள் இப்படி வயசு பார்த்து, வயிறு பார்த்துப் பிரித்துச் சொல்லியிருக்கமாட்டான். வன்பரணரின் இரண்டு பாட்டிலும் இல்லாத ஒன்று இங்கே இருக்கிறது: விலங்கை உயிரோடு பார்ப்பது. 150இல்கூட மான் ரத்தமாகத்தான் வருகிறது. அது நள்ளிப் பாட்டின் குறை. அதைச் சொல்லாமல் அந்தப் பாட்டைத் தலையில் தூக்கிவைத்துக்கொள்ள நான் தயாரில்லை.

நண்பரிடம் இவ்வளவையும் சொன்னேன். அவர் சைவம். 'வள்ளுவர் இருக்கிறாரே' என்றார். இருக்கிறார்தான். ஆனால் புலால் மறுத்தலில் அவர் சிறுகதை எழுதுகிறவனைப் போல ஒரு காரியம் செய்திருக்கிறார். கொல்பவனை விட்டுவிட்டு வாங்குபவனைப் பிடிக்கிறார். தின்பதற்கென்று உலகம் நிற்காவிட்டால் விலைக்கு ஊன் தருபவன் இருக்கமாட்டான் என்பது அவர் வாதம். அந்தக் குறளின் முனை வேட்டுவனைவிட என்னைப் போன்றவனை நோக்கித்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை பையை எடுத்துக்கொண்டு கறிக்கடை வரிசையில் நிற்கிறேன். தொங்குவதிலிருந்து அரைக் கிலோ வெட்டித் தருகிறார்கள். அது கிடாவா, சினையாடா என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. வீட்டுக்கு வந்து கை கழுவிவிட்டு மான் ரத்தத்தைப் பற்றி விமர்சனம் எழுதுகிறேன்.

நண்பர் சிரித்துவிட்டு, அப்படியானால் 152ஐ எடுத்துவிட்டு 150ஐப் போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். இரண்டையும் எதிரெதிர்ப் பக்கத்தில் போடச் சொல்லியிருக்கிறேன். அந்த நாணத்துக்கும் அந்தத் தீக்கும் நடுவே பையன்கள் தாங்களாகவே நின்று பார்க்கட்டும். இன்னும் பதில் வரவில்லை.