யானை ஏன் சம்பாதிக்க வேண்டும்?

மொன்றியலை ஒட்டிய டொலார்ட்-டெஸ்-ஓர்மோவின் தமிழ் வீடுகளில் விடுமுறைக் கணக்கு மாறிக்கொண்டு வருகிறது. ஒரு தலைமுறைக்கு முன் விமானச்சீட்டு எடுத்தால் அது கொழும்புக்கு அல்லது சென்னைக்கு. கலியாணம், செத்தவீடு, கோயில் திருவிழா என்று ஒரு காரணமும் இருக்கும். வீட்டுக் கடனை அடைத்து, பிள்ளைகளையும் பல்கலைக்கழகம் வரை கொண்டுவந்து விட்டவர்கள் இப்போது கென்யாவைப் பற்றி விசாரிக்கிறார்கள். இலங்கையின் யாலவையும் வில்பத்துவையும் பார்த்தாயிற்று, அடுத்தது மசாய் மாரா என்று திருமுருகன் கோயில் வாசலிலும் பேச்சு அடிபடுகிறது. முகவர்களின் விளம்பரங்கள் இதற்குச் சூழல் சுற்றுலா என்று பெயர் வைத்து, நாம் கொடுக்கும் காசு காட்டையும் அங்குள்ள மக்களையும் காக்கிறது என்று உறுதி சொல்கின்றன. அந்த உறுதியில் பாதி உண்மை. மற்றப் பாதியையும் பார்த்துவிட்டுக் காசைக் கட்டுவது நல்லது.

முதலில் உண்மையான பாதி. இந்த வகைச் சுற்றுலாவின் ஆகச் சிறந்த சாட்சி மலைக் கொரில்லா. உகண்டா, ருவாண்டா, கொங்கோ எல்லைகள் சந்திக்கும் விருங்கா மலைகளில் 1980களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 250 கொரில்லாக்களே எஞ்சியிருந்தன. இன்று விருங்காவும் உகண்டாவின் புவிண்டி வனப்பகுதியும் சேர்ந்து ஆயிரத்துக்கு மேல். 2018இல் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இந்த இனத்தை அபாயப் பட்டியலில் ஒரு படி இறக்கியது. பார்வையாளர் விதிகள் கறாரானவை. ஒரு குழுவில் எட்டுப் பேர், பார்ப்பதற்கு ஒரு மணி நேரம், இடையில் கட்டாய இடைவெளி. தடிமன் பிடித்தவரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நமக்கு வரும் சளி கொரில்லாவின் உயிரையே எடுத்துவிடும். வெளிநாட்டவருக்கான அனுமதிச்சீட்டு ருவாண்டாவில் 1,500 அமெரிக்க டொலர், உகண்டாவில் 800. ருவாண்டா தன் பூங்கா வருமானத்தில் 10 சதவீதத்தைச் சுற்றுவட்டார ஊர்களுக்கு ஒதுக்குகிறது. விலை கூட, கூட்டம் குறைவு, காவல் இறுக்கம் என்ற சூத்திரம் அங்கே பலித்திருக்கிறது.

இரண்டாவது சாட்சி கென்யாவில், மசாய் மாரா சரணாலயத்தைச் சுற்றியுள்ள சமூகக் காப்புநிலங்கள். மாசாய் மக்களின் பொது மேய்ச்சல் தரைகள் தனித்தனிக் காணிகளாகப் பிரிக்கப்பட்டு உறுதி கொடுக்கப்பட்டபோது, ஆளாளுக்கு வேலி போட்டால் விலங்குகளின் வழித்தடம் அறுந்துவிடும் நிலை வந்தது. காணிக்காரர் கூடி நிலத்தை ஒன்றாக்கிச் சுற்றுலா முகாம்களுக்குக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். 2005இல் ஒல் கின்யேய், 2010இல் நபோய்ஷோ என்று இவை பெருகின. பயணிகள் வந்தாலும் வராவிட்டாலும் ஏக்கர் கணக்கில் மாதாமாதம் குத்தகைப் பணம் கொடுப்பது ஏற்பாடு. ஒரு கூடாரத்துக்குக் குறைந்தது 350 ஏக்கர், ஒரு முகாமில் பன்னிரண்டு கூடாரங்களுக்கு மேல் கூடாது என்பது அங்கு பரவலாகக் கடைப்பிடிக்கும் அளவு. காணியின் உறுதி மாசாய்க் குடும்பத்தின் கையிலேயே இருக்கிறது. 2013ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் இத்தகைய காப்புநிலங்களுக்குச் சட்ட அங்கீகாரமும் கொடுத்தது.

இனி மற்றப் பாதி. நிலம் பிரிக்கப்பட்டபோது உறுதிகள் பெரும்பாலும் ஆண்களின் பெயரில் எழுதப்பட்டதால் குத்தகைப் பணமும் ஆண்களின் கைக்கே போகிறது. பாற்பசுக்களைப் பார்ப்பவள் பெண். எங்கே மேய்க்கலாம், எப்போது மேய்க்கலாம் என்ற புதிய கட்டுப்பாடுகளின் சுமையும் அவள் தலையில். வடக்குக் கென்யாவில் 2025 சனவரியில் இசியோலோ நீதிமன்றம், மக்களை முறையாகக் கலந்துகொள்ளாமல் அமைக்கப்பட்டவை என்று இரண்டு காப்புநிலங்களைச் சட்டவிரோதமெனத் தீர்த்தது. ‘சமூக’ என்ற அடைமொழி எல்லா இடத்திலும் சமூகத்தின் சம்மதத்தோடு வந்ததல்ல.

விலங்குகளின் கணக்கும் தெம்பு தருவதாக இல்லை. 1977இலேயே கென்யா வேட்டையைத் தடைசெய்துவிட்டது. ஆனாலும் 1977க்கும் 2016க்கும் இடையில் அந்நாட்டு மேய்ச்சல் நிலங்களின் வனவிலங்குத் தொகை சராசரியாக 68 சதவீதம் வீழ்ந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். சுற்றுலா கொழித்த அதே நாற்பது ஆண்டுகள். சனத்தொகை, வேலி, வறட்சி என்று காரணங்கள் பல. சுற்றுலாப் பணம் அவற்றுக்கு ஈடுகொடுக்கவில்லை என்பதே செய்தி. கூட்டமும் ஒரு நோய். ஆற்றைக் கடக்கும் வில்டபீஸ்ட் மந்தைகளைப் பார்க்க வாகனங்கள் கரையை அடைத்து நிற்பது மாராவில் வழக்கமாகிவிட்டது. எல்லைக்கு அப்பால் செரெங்கெட்டியில் 2025 யூலையில் பயணிகள் வாகனங்களை விட்டிறங்கி மந்தையின் வழியையே மறித்து நின்ற காணொளி உலகமெல்லாம் சுற்றியது.

எல்லாவற்றையும் விடப் பெரிய குறை குடியெழுப்பல். தன்சானியாவின் லொலியொண்டோவில் 2022 யூனில் 1,500 சதுர கிலோமீற்றர் மேய்ச்சல் நிலத்தை வனவிலங்குகளுக்கெனப் பிரித்து எல்லைக்கல் நடப் படையினர் இறங்கினர். எதிர்த்த மாசாய் மக்கள் சுடப்பட்டுக் காயமடைந்தனர். ஒரு காவலரும் அம்பு பட்டு இறந்தார். புவிண்டியிலிருந்து பட்வா மக்கள் 1991இல் வெளியேற்றப்பட்டார்கள். அவர்கள் வாழ்ந்த காட்டுக்குள் இன்று 800 டொலர் கட்டியவர் நுழையலாம். எல்லைக்கல் நடுவது என்றால் என்ன என்று வன்னித் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. போர் முடிந்து ஊர் திரும்பியவர்கள் தங்கள் வயலிலும் மேட்டுக்காணியிலும் வனத் திணைக்களத்தின் கற்களைக் கண்டார்கள். 2015 யூனில் சுண்டிக்குளம், மடு வீதி, நெடுந்தீவு ஆகியவை தேசியப் பூங்காக்களாக அறிவிக்கப்பட்டன. சுண்டிக்குளத்தின் நாரையைக் காப்பது அவசியம்தான். மீனவரையும் விவசாயியையும் கேட்காமல் வரைபடத்தில் கோடு போட்டால் அந்த நாரைக்கு ஊரில் நண்பர் எவரும் மிஞ்சமாட்டார்கள்.

இக்குறைகளைத் தனித்தனியே திருத்தலாம். உறுதியில் மனைவியின் பெயரையும் சேர்க்கலாம், வாகனங்களைக் குறைக்கலாம், வழக்குப் போடலாம். திருத்தக் கடினமானது ஒன்று இருக்கிறது. இந்தச் சுற்றுலாவின் அடிப்படை நியாயமே, விலங்கு தன் செலவைத் தானே உழைத்துக் கட்ட வேண்டும் என்பதுதான். 2020 மார்ச் இறுதியில் கென்யா சர்வதேசப் பயணிகள் விமானங்களை நிறுத்தியது; ஓகஸ்ட் வரை அவை திரும்பவில்லை. குத்தகை கொடுக்க முகாம்கள் திண்டாடின, வழிகாட்டிகள் வேலையிழந்தார்கள். அந்த யூனில் புவிண்டியில் ரஃபிகி என்று பெயர் பெற்ற, பயணிகளுக்கு நன்கு பழகிய முதிய ஆண் கொரில்லா கொல்லப்பட்டுக் கிடந்தது. இறைச்சிக்காகச் சிறு விலங்கு வேட்டைக்குப் போனவர் ஈட்டியால் குத்தியது. அவருக்குப் பதினொரு ஆண்டுச் சிறை. மொன்றியலிலும் லண்டனிலும் நாம் வீட்டுக்குள் முடங்கியதால் ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் ஒரு காட்டின் காவல் ஆட்டங்காணுமென்றால், அது பலமான பாதுகாப்பு ஏற்பாடல்ல.

அதே மாதங்களில் நம் பக்கத்தில் நடந்ததைப் பாருங்கள். டொலார்ட்-டெஸ்-ஓர்மோவின் கிழக்கு விளிம்பில் புவா-டு-லியெஸ் இயற்கைப் பூங்கா இருக்கிறது. ஏறத்தாழ 159 ஹெக்டெயர், நடுவே பெர்த்ராண்ட் ஓடை, அருகே நெடுஞ்சாலை 13இன் இரைச்சல். எல்லைகள் மூடியபோது அந்தக் காட்டின் இருப்புக்கு எந்த ஆபத்தும் வரவில்லை; அடைபட்டிருந்த சனம் அங்கேதான் ஓடியது. உள்ளே போகக் கட்டணமில்லை, கார் நிறுத்தத்தான் காசு. கறுத்த தொப்பி வைத்த சிக்கடிக் குருவி உள்ளங்கையில் வந்திருந்து சூரியகாந்தி விதையைக் கொத்திக்கொண்டு போகும். உணவூட்டக் கூடாது என்று விதி இருந்தும் கையை நீட்டாதவர்கள் குறைவு. அந்தக் குருவி எத்தனை டொலர் ஈட்டித் தந்தது என்று இங்கு எவரும் கேட்பதில்லை.

மேற்கே பியர்போனில் 5,500 வீடுகள் கட்டத் திட்டமிட்டிருந்த நிலத்தில் 140 ஹெக்டெயரை மொன்றியல் நகரம் 2019இல் 7.3 கோடி டொலருக்கு வாங்கிப் பெருமேற்குப் பூங்காவுடன் சேர்த்தது. வாதங்கள் நடந்தன, வீட்டுத் தட்டுப்பாட்டைச் சொன்னவர்களின் நியாயத்தையும் தள்ளிவிட முடியாது. ஆனால் 2017இலும் 2019இலும் வெள்ளம் கண்ட மக்கள், தண்ணீரைத் தாங்கும் ஈரநிலத்தின் அருமையை அறிந்திருந்தார்கள். இறுதியில் வரிப்பணம் அந்த நிலத்தைக் காத்தது. நம் தெருக்கோடிக் காட்டுக்கு வரி, மாசாய் நிலத்துக்கு மட்டும் நுழைவுச்சீட்டு. இந்த இரட்டை அளவுகோல்தான் சூழல் சுற்றுலாவின் அடியில் கிடக்கும் அநீதி.

நம்முடைய முறை மாசற்றது என்றும் சொல்ல வரவில்லை. கோடையில் நம்மவர்கள் குளிக்கப் போகும் ஓக்கா ஏரிக்கரைக்கு அருகே, 1990இல் மோஹாக் மக்களின் பைன் காட்டுக்குள்ளும் இடுகாட்டை ஒட்டியும் கொல்ஃப் மைதானத்தைப் பெருப்பிக்க முயன்றபோது 78 நாட்கள் முற்றுகை நடந்தது. இங்குள்ள காடுகளில் குடியெழுப்பல் பற்றிய சத்தம் குறைவென்றால், அது முன்பே நடந்து முடிந்துவிட்டது என்பதும் ஒரு காரணம்.

அப்படியானால் போகலாமா? மொன்றியலிலிருந்து நைரோபிக்குப் போய் வருவது இருபத்துமூவாயிரம் கிலோமீற்றருக்கு மேல். சராசரிக் கென்யர் ஒருவர் ஆண்டு முழுவதும் வெளியிடும் கரியமில வாயுவை விட அதிகத்தை அந்த ஒரே பயணத்தில் நாம் விட்டுவிடுவோம். அதை உணர்ந்து, அடிக்கடி போகாமல் ஒருமுறை நிதானமாகப் போகலாம். முகவரிடம் சிங்கம் தெரியுமா என்று கேட்பதற்கு முன் காணி யாருடையது, குத்தகை யார் பெயரில் போகிறது, மாடு மேய்க்க அனுமதி உண்டா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத முகவரிடம் காசு கட்டாதீர்கள்.

பயணியின் காசு துணை வருமானமாகவே இருக்க வேண்டும்; காட்டின் முதல் ஆகிவிடக் கூடாது. முதலை எங்கே தேடுவது என்பதற்கும் விடை நம் நகரத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. 2022 டிசம்பரில் மொன்றியலில் கூடிய ஐ.நா. உயிர்ப்பன்மை மாநாடு, 2030க்குள் உலகின் நிலத்திலும் கடலிலும் 30 சதவீதத்தைக் காப்பது என்றும், வளரும் நாடுகளுக்கு 2025க்குள் ஆண்டுக்கு 2,000 கோடி, 2030க்குள் 3,000 கோடி அமெரிக்க டொலர் கொடுப்பது என்றும், பழங்குடிகளின் நில உரிமையை மதிப்பது என்றும் ஒப்புக்கொண்டது. கனடாவும் அதற்குக் கட்டுப்பட்டது. மாராவுக்குப் போகும் தமிழ் வாக்காளர் தன் நாடாளுமன்ற உறுப்பினரிடம் அந்தப் பணம் எங்கே என்றும் கேட்டால், அவர் வாங்கும் நுழைவுச்சீட்டைவிட அந்தக் கேள்வியே யானைக்கு அதிகம் பயன்படும்.