ஒலிம்பியாவில் ஒரு பிறந்தநாள்

2017 டிசம்பர் 11. மேற்கு லண்டனின் ஒலிம்பியா அரங்கில் லண்டன் செஸ் கிளாசிக் போட்டியின் ஒன்பதாவது, கடைசிச் சுற்று. விஸ்வநாதன் ஆனந்துக்கு அன்று 48-வது பிறந்தநாள். எதிரே உட்கார்ந்திருந்த வெஸ்லி சோவுக்கு வயது 24, சரியாகப் பாதி. ஆனந்த் தோற்றார்.

அதற்கு முன்பே ஃபேபியானோ கருவானாவிடமும் இயான் நெபோம்னியாச்சியிடமும் தோற்றிருந்தார். பத்து பேர் ஆடிய போட்டியில் ஒரு வெற்றிகூட இல்லாமல் பட்டியலின் அடியில் போய் நின்றார். ஐந்து முறை உலக சாம்பியன், பத்து பேரிலும் மூத்தவர். 'இந்தப் பையன்களுக்கு நடுவில் இன்னும் நமக்கு என்ன வேலை?' என்ற கேள்வி எழ இதைவிடத் தோதான நாள் எது?

அமெரிக்க உளவியலாளர்கள் பாலின் கிளான்ஸும் சுசான் ஐம்ஸும் 1978-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். பெரிய படிப்பும் பதவியும் பெற்ற பெண்கள் பலர் தங்கள் வெற்றியைத் தங்களுடையதாகவே நம்பவில்லை, என்றாவது ஒருநாள் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று உள்ளுக்குள் பயந்தபடி வாழ்கிறார்கள் என்றது அது. இன்று ஊரெல்லாம் பேசும் 'இம்போஸ்டர் சிண்ட்ரோம்' அங்கிருந்து வந்ததுதான். அலுவலகத்தில் இந்தப் பயத்துக்குப் பெரும்பாலும் ஆதாரம் இருக்காது. விளையாட்டில்தான் கொடுமை. பயத்துக்குச் சாட்சி சொல்லப் புள்ளிப்பட்டியல் என்று ஒன்று வந்து நிற்கும்.

அந்தச் சாட்சியை எப்படி விசாரிப்பது என்பதுதான் ஆனந்தின் கதையில் கவனிக்க வேண்டிய இடம்.

சந்தேகம் பலகையின்மேல் என்ன செய்யும் என்பதற்கு 2014 நவம்பரில் சோச்சியில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பின் ஆறாவது ஆட்டத்தைப் பார்க்கலாம். அதற்கு முந்தைய ஆண்டு சொந்த ஊரான சென்னையில் மாக்னஸ் கார்ல்சனிடம் ஒரு வெற்றிகூட இல்லாமல் பட்டத்தை இழந்திருந்தார் ஆனந்த். அடுத்த தகுதிச் சுற்றான கேண்டிடேட்ஸ் போட்டிக்கே போக வேண்டாம் என்ற யோசனையில் இருந்தவரை விளாடிமிர் கிராம்னிக் வற்புறுத்தி ஆட வைத்தார். அதை ஒரு தோல்வியும் இல்லாமல் வென்றுதான் மறுபடி கார்ல்சன் எதிரில் உட்கார்ந்தார். ஆறாவது ஆட்டத்தின் 26-வது நகர்த்தலில் கார்ல்சன் தவறான கட்டத்தில் ராஜாவை வைத்தார். பள்ளிப் போட்டிகளில் ஆடும் பிள்ளைகூடக் கண்டுபிடிக்கக்கூடிய தவறு. குதிரையால் ஒரு சிப்பாயை வெட்டியிருந்தால் ஆட்டத்தின் பிடி ஆனந்த் கைக்கு வந்திருக்கும். அவரோ அதிகம் யோசிக்காமல் ஓரத்துச் சிப்பாயைத் தள்ளினார். பரிசை எதிர்பார்க்காதபோது பரிசு கண்ணில் படாமல் போய்விடுகிறது என்ற கருத்தில் பின்னர் அவரே விளக்கம் சொன்னார். ஆட்டமும் போனது, பட்டத்தை மீட்கும் வாய்ப்பும் போனது.

திறமை குறைந்து நிகழ்ந்த தவறு அல்ல இது. கார்ல்சன் தவறு செய்யமாட்டார் என்று ஒரு மனம் முன்கூட்டியே முடிவு கட்டிவிட்டால், பலகையில் இருப்பதைக்கூட அது பார்க்காது. தன்மேல் சந்தேகம் வருவது என்றால் கை நடுங்குவது, வியர்ப்பது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது பார்வையை மறைக்கும் சங்கதி.

சோச்சி முடிந்து மூன்றே வாரம். ஆனந்த் ஓய்வெடுக்கவில்லை, லண்டனுக்கு வந்தார். அதே ஒலிம்பியா, ஆறு பேர் போட்டி, முதல் நான்கு ஆட்டங்களும் டிரா. கடைசிச் சுற்றில் இங்கிலாந்தின் மைக்கேல் ஆடம்ஸைக் கறுப்புக் காய்களோடு வென்றார். கிராம்னிக், அனிஷ் கிரி, ஆனந்த் மூவரும் சமப் புள்ளிகள். கறுப்புக் காய்களில் பெற்ற அந்த ஒரு வெற்றி டை-பிரேக்கில் கோப்பையை அவர் கையில் கொடுத்தது. ஆக, 2017-இல் அவரைக் கவிழ்த்த அரங்கம், மூன்றாண்டுகளுக்கு முன் அவரைத் தூக்கி நிறுத்திய அரங்கமும்தான்.

லண்டன் நகரம் டென்னிஸிலும் இதைப் பார்த்திருக்கிறது. ப்ராம்லியில் வளர்ந்த எம்மா ராடுகானு 2021 ஜூலையில் விம்பிள்டன் நான்காம் சுற்றில் மூச்சுத் திணறி ஆட்டத்தைப் பாதியில் விட்டார். பெரிய மேடை இந்தப் பெண்ணுக்குத் தாங்கவில்லை என்று பேச்சு கிளம்பியது. இரண்டு மாதத்தில், தகுதிச் சுற்றிலிருந்து ஏறி, பத்து ஆட்டங்களில் ஒரு செட்டைக்கூட இழக்காமல் அமெரிக்க ஓப்பனை வென்றார். ஜூலையில் தீர்ப்பு எழுதியவர்கள் ஒரே ஒரு மாலைப்பொழுதை வைத்து எழுதியிருந்தார்கள்.

ஆனந்தின் 2017 தோல்வியை அப்படி எழுதித் தள்ளுவது இன்னும் சுலபம், ஏனென்றால் வயதும் சேர்ந்துகொள்கிறது. ஆனால் செஸ்ஸில் ஒரு வசதி உண்டு. ஒவ்வொரு நகர்த்தலும் ஸ்கோர் ஷீட்டில் பதிவாகிறது. 'நான் முடிந்துபோனேன்' என்று மனம் சொல்லும்போது, எந்த நகர்த்தலில் என்று திருப்பிக் கேட்கலாம். லண்டனில் நடந்தது மணிக்கணக்கில் நீளும் கிளாசிக்கல் ஆட்டம். இரண்டு வாரம் கழித்து ரியாத்தில் நடந்த உலக ரேபிட் சாம்பியன்ஷிப்பில் ஒருவருக்கு 15 நிமிடம், நகர்த்தலுக்கு 10 விநாடி கூடுதல். சென்னையில் சிறுவனாக இருந்த காலத்திலேயே மின்னல் வேகத்துக்குப் பெயர் வாங்கியவர் ஆனந்த். ஒரு வடிவத்தில் ஒன்பது நாள் ஆடிய ஆட்டம், மற்றொரு வடிவத்தில் ஆளை எடைபோடப் போதாது.

இதை அவர் நம்பித்தான் போனாரா என்றால் இல்லை. சோர்ந்த மனநிலையோடுதான் ரியாத் வந்ததாக அவரே பிறகு சொன்னார். இதைச் சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும். சந்தேகம் தீர்ந்த பிறகு அவர் ஆடவில்லை, சந்தேகத்தோடுதான் ஆடினார். 15 சுற்றிலும் தோல்வி இல்லை. ஒன்பதாவது சுற்றில் கறுப்புக் காய்களோடு கார்ல்சனை வீழ்த்தினார். 10.5 புள்ளிகளில் மூவர் சமமாக நிற்க, டை-பிரேக்கில் விளாதிமிர் ஃபெடோசீவை இரண்டு ஆட்டங்களிலும் வென்று பட்டம் பெற்றார். ரேபிட் உலகப் பட்டத்தை அவர் முன்பு வென்றது 2003-இல். அடுத்த இரு நாள் பிளிட்ஸிலும் ஆடி மூன்றாம் இடம் பிடித்தார்.

வேக ஆட்டம் சரி, கிளாசிக்கலில் என்ன ஆனது என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். 2018 ஜனவரியில் நெதர்லாந்தின் வைக் ஆன் ஸேயில் டாடா ஸ்டீல் போட்டி, அதே மணிக்கணக்கு ஆட்டம். மூன்றாவது சுற்றில் ஆனந்துக்கு எதிரே வந்து உட்கார்ந்தவர், லண்டனில் அவரை வென்று கோப்பையும் தூக்கிய கருவானா. இந்த முறை கைகொடுத்துத் தோல்வியை ஒப்புக்கொண்டது கருவானா.